பூட்டிய கை யாருடையது?

ஆலைச் சங்கு ஊதித் தொழிலாளியை அழைத்த காலம் ஒன்று உண்டு. வாயிற்கதவு திறக்கும், தொழிலாளி உள்ளே செல்வான். என்றேனும் ஒருநாள் கதவு திறக்கவில்லை என்றால், அங்கே ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதன் அடியிலே ஒரு கையெழுத்து இருக்கும். கையெழுத்திட்டவர் யார், எந்த மாளிகையில் குடியிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். அந்த வாயிலின் முன்னாலேயே தோழர்கள் திரளுவர், கொடி உயரும், முழக்கம் கிளம்பும், பேச்சுவார்த்தைக்கு நாள் குறிக்கப்படும்.

இன்று உழைப்பாளர் கூட்டம் ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. அவர்களுக்கு வாயிலும் இல்லை, சங்கும் இல்லை. கதவடைப்பு மட்டும் இருக்கிறது! கையெழுத்து இல்லாத கதவடைப்பு. காரணம் கூறாத கதவடைப்பு. கைப்பேசித் திரையிலே ஒரே ஒரு வரியில் நடந்து முடிந்துவிடுகிற கதவடைப்பு.

உணவுப் பொட்டலத்தை முதுகிலே சுமந்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற தோழர்களைத்தான் சொல்கிறோம்.

வியாசர்பாடியிலோ, சிங்காநல்லூரிலோ, செல்லூரிலோ குடியிருக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு, மழையிலே நனைந்தபடி நான்காம் மாடி ஏறுகிறான். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "ஸ்டார் போட்டுவிடுங்கள் அய்யா" என்று கேட்டுக்கொண்டு இறங்குகிறான். வீட்டுக்குப் போய் ஆறிய சோற்றை உண்டு படுக்கிறான். காலையில் எழுந்து செயலியைத் திறந்தால், அது திறக்கவில்லை. "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்கிறது திரை. தோழர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல்லிலே சொன்னால், 'ஐ.டி. பிளாக்'!

என்ன குற்றம்? பதில் இல்லை. குற்றம் சாட்டியவர் யார்? பதில் இல்லை. எத்தனை நாளைக்கு? அதற்கும் பதில் இல்லை. உதவிப் பகுதியைத் தட்டினால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வருகிறது. மறுபடி தட்டினால் மறுபடியும் அதே வருத்தம். வருந்துவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? ஆளே இல்லாத இடத்திலிருந்து வருத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது!

கணக்கு நின்றுவிட்டது. வண்டிக்குக் கட்டவேண்டிய தவணை நிற்குமா? வீட்டு வாடகை நிற்குமா? பால்காரரும் மளிகைக்கடைக்காரரும், "உன் ஐ.டி. திரும்பும்வரை பொறுத்திருக்கிறோம்" என்பார்களா? அன்றாடம் ஓடினால்தான் அன்றாடம் அடுப்பு எரியும் குடும்பத்திலே, ஒரு வாரம் கணக்கு முடங்கினால், வட்டிக்காரன் வாசலுக்கு வந்துவிடுகிறான்.

எனவே, இது ஏதோ கைப்பேசிக் கோளாறு அன்று. கணினிக்காரர்கள் தீர்த்து வைக்கவேண்டிய சில்லறைச் சிக்கலும் அன்று. இது வேலைநீக்கம். வேலைநீக்கத்தை வேலைநீக்கம் என்றே அழைக்க வேண்டும். அவ்வாறே சட்டமும் அதை நடத்த வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இதுதான்.

பங்காளியா, பாட்டாளியா?

நிறுவனத்தாரைக் கேட்டால் புன்முறுவலோடு மறுக்கிறார்கள். "அவர் எங்கள் தொழிலாளி அல்லர், எங்கள் பார்ட்னர்" என்கிறார்கள். ஆகா, எவ்வளவு பெரிய மனம்! பங்காளி என்றால் பங்கு இருக்க வேண்டுமே, எங்கே பங்கு? பொட்டலத்துக்கு இத்தனை ரூபாய் என்று விலை வைப்பது அவர்கள். எந்த வழியே போக வேண்டும், எத்தனை நிமிடத்தில் சேர வேண்டும் என்று விதிப்பது அவர்கள். சட்டையின் நிறத்தையும் பையின் நிறத்தையும் தீர்மானிப்பது அவர்கள். பெட்ரோல் மட்டும் இவனுடையது, வண்டி இவனுடையது, விழுந்தால் உடைகிற எலும்பும் இவனுடையது! இலாபக் கணக்கை எழுதும்போது பங்காளியை எவரும் கூப்பிடுவதில்லை. பழி விழும்போது மட்டும் பங்காளி தனியே நிற்கிறான். பங்காளியை, ஒரு சொல்கூடப் பேசாமல் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைத் தாழிடும் உரிமை இன்னொரு பங்காளிக்கு எங்கிருந்து வந்தது?

பெயரை மாற்றியது விளையாட்டுக்கு அல்ல, தோழர்களே! தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால், தொழிலாளர் சட்டம் பின்னாலேயே வந்து நிற்கும். அந்தச் சட்டம் வந்த வரலாறு நம் வடசென்னை மண்ணோடு பிணைந்தது.

1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டார்கள். செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் முயன்றார்கள், பி. பி. வாடியா தலைமை ஏற்றார்; திரு. வி. க. துணை நின்றார். ஆலையிலே உண்பதற்கு விட்ட நேரம் போதவில்லை என்பது அன்றைய முறையீடுகளிலே ஒன்று. சோற்றுக்கு நேரம் கேட்டவர்கள் தொடங்கி வைத்த இயக்கம் அது. இன்று ஊருக்கெல்லாம் சோறு சுமந்து செல்பவன், தன் சோற்றுக்கு வழி கேட்டு நிற்கிறான்!

அன்று தொடங்கிய போராட்டங்கள் வீண் போகவில்லை. 1946இல் நிலையாணைச் சட்டம் வந்தது. 1947இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. நிலையாணை உள்ள ஆலையிலே ஒரு தொழிலாளியை நீக்க வேண்டுமானால், குற்றம் இன்னதென்று எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். அவன் பக்கத்தைக் கேட்க வேண்டும். விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்தால், முதல் 90 நாளைக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் விசாரணை நீண்டு, அந்தத் தாமதத்துக்குத் தொழிலாளி காரணமாக இல்லாவிட்டால், முக்கால் பங்கு கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அந்தப் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தொகுப்பிலே நமக்குக் குறைகள் உண்டு. ஆயினும், இடைநீக்கக் காலத்துப் பிழைப்பூதியம் என்னும் நெறியை அதுவுங்கூட விட்டுவிடவில்லை.

திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆலைத் தொழிலாளிக்கும் விசாரணை உண்டு, பாதிச் சம்பளம் உண்டு. பொட்டலம் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தோழனுக்கு இரண்டும் இல்லை! இது எந்த ஊர் நியாயம்?

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்று 2020இல் ஒன்று நிறைவேற்றினார்கள். கிக் தொழிலாளர் என்ற பெயர் அதிலேதான் மத்தியச் சட்டத்தில் ஏறியது. நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வரவு செலவிலே நூற்றுக்கு 1 முதல் 2 வரை நிதிக்குத் தர வேண்டும் என்றும் அதிலே எழுதியிருக்கிறார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் அந்தத் தொழிலாளர் யார் என்று விளக்கும் இடத்திலே, வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்று எழுதி வைத்தார்கள். ஒரு கையால் நிதி என்று கொடுத்து, மறு கையால் உறவே இல்லை என்று அறுத்துவிட்டார்கள். உறவு இல்லாத இடத்திலே நீக்கம் என்ற பேச்சு எப்படி எழும்? நோட்டீஸ் எப்படி வரும்? அந்தச் சந்திலேதான் 'ஐ.டி. பிளாக்' என்னும் கத்தி நுழைகிறது.

சின்னஞ்சிறு கூட்டத்தின் குறை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2020-21இல் இத்தகைய தொழிலாளர் நாடு முழுவதும் 77 லட்சம் பேர். 2029-30இல் 2 கோடியே 35 லட்சம் பேராக உயர்வர் என்று நிதி ஆயோக்கே 2022இல் கணக்குச் சொன்னது.

எந்திரம் எழுதும் தீர்ப்பு

பூட்டுகிற கை எது? பல நேரங்களில் அது மனிதக் கையே அன்று. ஓட்டுநர் உரிமம் காலாவதியானால் எந்திரம் நிறுத்துகிறது. வண்டிக் காப்பீட்டின் நாள் கடந்தால் நிறுத்துகிறது. வாடிக்கையாளரிடம் வாங்கிய ரொக்கத்தைச் செலுத்தத் தவறினால் நிறுத்துகிறது. ஆர்டர்களை அடிக்கடி மறுத்தால், மதிப்பெண் குறைந்தால், இருப்பிடக் குறி தாறுமாறாகக் காட்டினால் நிறுத்துகிறது. பொட்டலம் வரவில்லை என்று எவரேனும் ஒருவர் புகார் செய்தாலும் நிறுத்துகிறது. அந்தப் புகார் மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்குள், தோழனின் பிழைப்பு போய்விடுகிறது.

முகம் பார்த்து ஆள் அறியும் எந்திரம் ஒன்றும் உண்டு. வேலைக்கு நடுவே, "உன் முகத்தைக் காட்டு" என்று கேட்கும். படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஐதராபாத்தில் செயலி வழியே கார் ஓட்டிய தோழர் ஒருவர், திருப்பதிக்குப் போய் முடி காணிக்கை செலுத்தித் திரும்பினார். மொட்டைத் தலையை எந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கணக்கு பூட்டப்பட்டது. 2022இல் ஏட்டிலே வெளிவந்த செய்தி இது. பெற்ற தாய்க்கு மொட்டையடித்த மகனைத் தெரியும்; தெருநாய்க்குக்கூடத் தெரியும். கோடிக்கணக்கில் செலவிட்டு ஆக்கிய எந்திரத்துக்குத் தெரியவில்லை! எந்திரம் பிழை செய்யலாம். பிழையைத் திருத்த ஒரு மனிதன் இருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இதனினும் கொடிது இத்தாலியிலே நடந்தது. 2022 அக்டோபரில், புளோரன்ஸ் நகரில் உணவு கொண்டுசென்ற இளைஞர் ஒருவர் சாலை விபத்திலே மாண்டார். விதிமுறைகளைப் பின்பற்றாததால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது என்று மறுநாள் அவருக்குச் செய்தி வந்தது! செத்துக் கிடந்தவனிடம், நீ ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டது எந்திரம். பின்னர் நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் எந்திரத்தின் கையிலே தீர்ப்பு எழுதும் கோலைக் கொடுத்தவர்கள் யார்? மனிதர்கள்தாமே! எந்திரம் செய்தது என்று சொல்லி எவரும் தப்பிவிட முடியாது. எந்திரத்துக்கு முதலாளி உண்டு.

விழித்துக்கொண்ட நாடுகள்

இதற்கு வழியே கிடையாது, விஞ்ஞான வளர்ச்சியிலே இப்படித்தான் இருக்கும் என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். வழி உண்டு, கண்டும் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு கட்டளை இயற்றியது. தொழிலாளியின் கணக்கை நிறுத்தும் முடிவையும் நீக்கும் முடிவையும் மனிதர்தாம் எடுக்க வேண்டும். எந்திரம் எடுக்கக் கூடாது. காரணத்தை எழுத்திலே தர வேண்டும். மறுபரிசீலனை கேட்டால் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உறுப்பு நாடுகள் இதனைத் தத்தம் சட்டமாக ஆக்கிக்கொள்ள 2026 டிசம்பர் 2 வரை தவணை கொடுக்கப்பட்டது.

ஐரோப்பா வேண்டாம், அண்டை வீட்டைப் பாருங்கள். கருநாடகம் 2025இல் சட்டம் செய்திருக்கிறது. எந்தெந்தக் காரணத்துக்காகக் கணக்கு நிறுத்தப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும். நீக்குவதென்றால் 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து மூலமான காரணமும் வேண்டும். முறையிடுவதற்கு மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு முன்பே, 2023இல், இராசத்தான் இத்தகைய தொழிலாளர்க்கென்று நாட்டிலேயே முதல் தனிச் சட்டத்தை இயற்றியது.

தமிழ்நாட்டிலும் 2023இல் இவர்களுக்கென்று தனி நலவாரியம் அமைந்தது. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் நிழலிலே அமைந்த வாரியம் அது. உழைப்பவனுக்கு ஒரு பதிவும் ஒரு முகவரியும் கிடைத்தன. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நலவாரியம் என்பது விபத்துக்கும் இறப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவித் தொகை வழங்கும் அமைப்பு. வேலைநீக்க வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் மன்றம் அன்று. கால் உடைந்தால் கைகொடுக்கிறது. கணக்கு உடைந்தால் கைகொடுக்க வழி காணோம். மற்ற மாநிலம் எழுதியதைத் தமிழ்நாடும் எழுதலாம். அதனினும் மேலாகவே எழுதலாம்.

வேலையை இழந்த தோழர்களும் வாளாவிருக்கவில்லை. 2025 டிசம்பர் 25ஆம் நாளும் 31ஆம் நாளும் நாட்டின் பல நகரங்களிலே இவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். விசாரணையின்றி ஐ.டி.யை முடக்குவதை நிறுத்து என்பது அவர்கள் கோரிக்கைகளிலே ஒன்று. வாயிலே இல்லாத ஆலையிலும் வேலைநிறுத்தம் நடத்தலாம் என்று காட்டினார்கள்.

நம் பக்கத்துக் குறை

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறு செய்பவன் எந்தக் கூட்டத்திலும் உண்டு. தன் ஐ.டி.யை மைத்துனனுக்கு வாடகைக்கு விடுபவன் உண்டு. இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலியை வைத்திருப்பவன் உண்டு. குடித்துவிட்டு வாசலிலே வம்பு செய்பவன் உண்டு. தனியே இருக்கும் பெண் கதவைத் திறக்கிறாள். அவளுடைய பாதுகாப்பு நமக்கும் பொறுப்பு. அவளிடம் தகாத சொல் பேசியவனைத் தோழன் என்று தூக்கிச் சுமக்க நாம் முன்வரமாட்டோம். அத்தகைய புகார் வந்த உடனே நிறுத்தி வைக்கட்டும், குறை சொல்லமாட்டோம். நிறுத்தி வைத்தபின் விசாரிக்கட்டும் என்றுதான் சொல்கிறோம். விசாரணை என்பது குற்றவாளியைக் காப்பாற்றும் குடை அன்று. குற்றமற்றவனைப் பிரித்தெடுக்கும் முறம்.

பூட்டப்பட்டவன் செய்ய வேண்டியது

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க முடியுமா? கிளைத் தோழர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வட்டாரத்திலே ஒருவனுக்குக் கணக்கு முடங்கினால், அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லித் தர வேண்டும்.

முதலாவது, ஆத்திரத்திலே செயலியை அழித்துவிடக் கூடாது. திரையிலே என்ன செய்தி வந்ததோ, அதை நாளோடும் நேரத்தோடும் படமெடுத்து வைக்க வேண்டும். வருமானக் கணக்கு, முடித்த ஆர்டர்கள், மதிப்பெண், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைத் திரை காட்டுகிறவரை படமெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதுவும் மறைந்துவிடக்கூடும்.

இரண்டாவது, காரணத்தைத் தேட வேண்டும். உரிமமோ காப்பீடோ காலாவதியானதென்றால், புதுப்பித்துப் பதிவேற்றினால் பெரும்பாலும் திறந்துவிடும். ரொக்கம் நிலுவை என்றால் கட்டிவிட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். முகம் பொருந்தவில்லை என்றால், தலைக்கவசத்தைக் கழற்றி, நல்ல வெளிச்சத்திலே மறுபடி முயல வேண்டும். அடையாள அட்டையோடு நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

மூன்றாவது, வாயால் மட்டும் முறையிடாமல் எழுத்திலே கேட்க வேண்டும். எந்த ஆர்டர், எந்த நாள், என்ன புகார் என்று கேட்டு, என் விளக்கம் இது என்று சுருக்கமாக எழுதி, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். ஏச்சுச் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது அவர்களுக்குப் புதிய காரணமாகிவிடும்.

நான்காவது, "ஐயாயிரம் கொடு, ஐ.டி.யைத் திறந்து தருகிறேன்" என்று வருகிற தரகனை நம்பக் கூடாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது. அடுத்தவன் ஐ.டி.யிலே ஓடவும் கூடாது. அவனுடைய கணக்கும் போகும். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

ஐந்தாவது, தனியே போகக் கூடாது. சங்கத்திலே சேர்ந்து, நான்கு பேராகப் போக வேண்டும். நலவாரியத்திலும் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்திலே மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று அங்கே சொன்னாலும் மனுவைக் கொடுத்தே தீர வேண்டும். ஒரு மனு தாள். ஆயிரம் மனு சட்டத்துக்கு முகவுரை!

நாம் கேட்பது

நாம் வானத்தைக் கேட்கவில்லை. காரணத்தை எழுத்திலே, தமிழிலே, அந்தத் தொழிலாளிக்குப் புரியும்படி கொடு. நீக்குவதற்கு முன் 14 நாள் அறிவிப்புக் கொடு. அவன் பக்கத்தைக் கேட்க, பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதரை உட்கார வை. விசாரணை முடியும்வரை, அவனுடைய சராசரி வருமானத்திலே பாதியைப் பிழைப்பூதியமாகக் கொடு. உழைத்துச் சேர்ந்த பாக்கியை, கணக்கு முடங்கினாலும் நிறுத்தாதே. தவறு நிறுவனத்தினுடையது என்று தெரிந்தால், கணக்கைத் திறப்பதோடு, இழந்த நாளுக்கும் ஈடு கொடு. இவற்றை விசாரிக்கத் தொழிலாளர் பிரதிநிதியும் அமர்ந்த ஒரு குழுவைச் சட்டத்தின் மூலம் நிறுவு.

இவ்வளவுதான். 1946இல் ஆலைத் தொழிலாளிக்கு ஒப்புக்கொண்ட நெறியை, இன்று வண்டித் தொழிலாளிக்கும் ஒப்புக்கொள் என்கிறோம்.

ஆலைத் தோழர்களே! உங்கள் மகன் இன்று தறியிலே இல்லை. முதுகிலே பையோடு சாலையிலே இருக்கிறான். நீங்கள் வாயிலிலே நின்று பெற்ற உரிமை அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது, நம் எல்லோருடையது. அவன் ஒவ்வொரு நாளும் ஊருக்கெல்லாம் பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான், மழை என்று பாராமல், வெயில் என்று பாராமல். நாம் அவனுக்குச் சேர்க்க வேண்டிய பொட்டலம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் நீதி.

அது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது!